கிலோவில் வராத கணக்கு

இலங்கையில் தோட்டக் காணியைப் போல் கணக்கு எழுதப்படும் நிலம் வேறில்லை. எந்த மலையில் இன்று எத்தனை ஆள், ஆளுக்கு எத்தனை கிலோ கொழுந்து, ஈரத்துக்கென்று எவ்வளவு கழிவு, கவ்வாத்து வெட்டி எத்தனை மாதம், எத்தனை மூடை பசளை போனது, இறப்பர் என்றால் எத்தனை மரத்தில் வெட்டு, எத்தனை லீற்றர் பால், எவ்வளவு ஒட்டுப்பால் என்று காலைப் பிரட்டிலிருந்து மாலை நிறுவை வரை எல்லாம் ஏட்டில் ஏறும். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் அந்தக் கணக்கில் ஒரு விடயத்துக்கு மட்டும் நிரல் இல்லை. தேயிலையும் இறப்பரும் வந்ததால் இந்த மலையை விட்டு எந்த உயிர் போனது, எது மிஞ்சியது, எது புதிதாகக் குடிவந்தது?

இந்தக் கேள்வியை இப்போது வெளியாட்கள் கேட்கிறார்கள். 2022 டிசம்பரில் மொன்றியலில் கூடிய நாடுகள் ஏற்றுக்கொண்ட உலக உயிர்ப்பல்வகைமை உடன்பாடு, பெரிய கம்பனிகள் தம் தொழிலால் உயிரினங்களுக்கு நேரும் பாதிப்பை அளந்து வெளியிடும்படி அரசுகள் செய்ய வேண்டும் என்கிறது. பீடைகொல்லிகளால் வரும் ஆபத்தை 2030க்குள் பாதியாகக் குறைக்கவும் சொல்கிறது. தேயிலைப் பெட்டியில் தவளைச் சின்னம் ஒட்டும் ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் என்ற சான்றிதழ் அமைப்பு, தோட்டப் பரப்பில் பயிரைப் பொறுத்து 10 அல்லது 15 சதவீதம் இயற்கைத் தாவரம் இருக்க வேண்டும் என்ற இலக்கை வைத்திருக்கிறது. ஆக, இரத்தினபுரியிலும் கேகாலையிலும் இனி அளந்தே ஆக வேண்டும். எதை அளப்பது, எந்த ஆண்டிலிருந்து அளப்பது, வந்த எண்ணை எதால் வகுப்பது என்பதில்தான் வில்லங்கம் முழுவதும்.

காட்டு ஓரம்

இரத்தினபுரியும் கேகாலையும் சேர்ந்த சப்ரகமுவவின் இருப்பிடமே இந்தக் கணக்குக்கு வாய்ப்பாக அமைந்தது. ஒரு பக்கம் சிவனொளிபாதமலைக் காடு, தெற்கே சிங்கராஜ வனம். இடையில் பலாங்கொடை, பெல்மதுளை, காவத்தை, இறக்குவானைத் தோட்டங்கள். களனி ஆற்றுப் பக்கம் யட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட. பல இடங்களில் கடைசித் தேயிலை நிரைக்கு அப்பால் காடு தொடங்கிவிடும்.

தோட்டம் போடுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. ஆகவே ஆய்வாளர்கள் பக்கத்துக் காட்டைத் தோட்டத்தின் பழைய நிலையாகப் பாவித்துக்கொள்கிறார்கள். விடியற்காலையில் ஒரே நேரத்தில், ஒரே தூரம், ஒரே வேகத்தில் காட்டிலும் தேயிலையிலும் நடந்து, கண்ட பறவையையும் கேட்ட குரலையும் குறிக்கிறார்கள். இரவில் சதுரம் பிடித்துத் தவளை தேடுகிறார்கள். ஓடையில் வலை வைத்து நீர்ப்பூச்சி எண்ணுகிறார்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பயிரால் வந்த பாதிப்பாகப் பதிவாகிறது.

சிங்கராஜவில் இந்த வேலைக்கு நீண்ட மரபு உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சரத் கொட்டகம அங்கே பறவைக் கூட்டங்களைக் கவனிக்கத் தொடங்கியது 1980களின் தொடக்கத்தில். பல இனப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடிச் செல்லும் கூட்டங்கள் அவை. ஒரு கூட்டத்தில் சராசரியாகப் பதினொரு இனங்களும் நாற்பது பறவைகளும் இருக்கும். இலங்கைக்கே உரிய செவ்வலகுச் சிலம்பன் கலகலவென்று கூட்டத்தைத் திரட்டும்; கரிச்சான் காவல் பார்க்கும். கொட்டகமவும் ஈபன் குட்டேலும் தமிழ்நாட்டு ஆனைமலையில் வேலை செய்யும் சங்கர் ராமன் முதலியோருடன் சேர்ந்து, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இந்தக் கூட்டங்கள் காடு, காட்டு ஓரம், பயிர்நிலம் என்று போகப்போக என்ன ஆகின்றன எனப் பார்த்து 2014இல் எழுதினார்கள். பயிர்நிலத்துக்குள் போகப்போகக் கூட்டம் மெலிகிறது. காட்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத இனங்கள் முதலில் கழன்றுகொள்கின்றன. மரம் செறிந்த இடைப்பட்ட நிலங்கள் ஓரளவு தாங்குகின்றன.

எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். தேயிலை மலையில் நின்று பறவை எண்ணினால் பட்டியல் ஒன்றும் சின்னதாக இராது. கொண்டைக்குருவி, மைனா, செம்பகம், தையல்குருவி, மேலே வட்டமிடும் பருந்து என்று நீளும். ஆனால் இவை கொழும்பில் ஒரு வீட்டுக் கொல்லையிலும் கிடைப்பவை. காட்டில் இருபது, தேயிலையில் இருபது, ஆகவே சேதாரம் இல்லை என்று எழுதிவிட ஓர் அறிக்கைக்கு இது போதும். அப்படியான அறிக்கைகள் வரத்தான் போகின்றன. எத்தனை இனம் என்று சொல்லி, எந்த இனம் என்று சொல்லாத தாளை வாசிக்காமலே மடித்து வைக்கலாம்.

பக்கத்துக் காட்டை அளவுகோலாக வைப்பதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. எஞ்சியது எந்தக் காடு? ஏறமுடியாத செங்குத்து, பாறை, உச்சி. தாழ்வான, மண் கனத்த, நீரோடிய நல்ல நிலத்துக் காடெல்லாம் முதலிலேயே பயிருக்குப் போய்விட்டது. உச்சிக் காட்டோடு அடிவாரத் தேயிலையை ஒப்பிட்டால், அடிவாரத்துக்கே உரிய உயிர்கள் இரண்டு பட்டியலிலும் வராது. இழப்பு உண்மையில் இருந்ததைவிடக் குறைவாகத் தெரியும்.

கடிகாரம் எப்போது தொடங்குகிறது?

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் காடழிப்புக்கு எதிரான சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. இறப்பர், பாம் எண்ணெய், கோப்பி, கொக்கோ, சோயா, மாடு, மரம் ஆகிய ஏழும் அவற்றிலிருந்து செய்த பொருட்களும் 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலத்திலிருந்து வந்திருக்கக் கூடாது. தேயிலை இந்தப் பட்டியலிலேயே இல்லை. அதனால் யட்டியாந்தோட்டையில் ஒரே ஓடையின் இரு கரையில் இறப்பரும் தேயிலையும் நின்றால், இறப்பருக்கு மட்டும் வரைபட ஆள்கூறு கொடுக்க வேண்டும், தேயிலைக்கு வேண்டாம்.

அந்தத் திகதிப்படி பார்த்தால் சப்ரகமுவவின் பழைய இறப்பர் தோட்டத்துக்குக் காடழிப்புப் பாதிப்பு பூச்சியம். அந்தக் காடு போனது வெள்ளைக்காரன் காலத்தில். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் கிராமத்தவர் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசுடைமை என்றது. அவை துண்டு துண்டாக விற்பனைக்குப் போயின. முதலில் கோப்பி. 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியை வீழ்த்திய பிறகு தேயிலை. 1876இல் கம்பஹா ஹெனரத்கொடையில் இறங்கிய பிரேசில் நாற்றுகளின் வழிவந்தது இறப்பர். தென்மேற்கு ஈரவலயத்தின் ஆதி மழைக்காட்டில் இன்று இருபதில் ஒரு பங்குகூட மிச்சமில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 2020இல் கடிகாரத்தைத் தொடங்குபவருக்கு இதெல்லாம் ஊர்க்கதை.

அந்தக் காலத்து இழப்பை அளக்க நம்மிடம் இருப்பது அருங்காட்சியகப் போத்தல்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கே பிடிக்கப்பட்டு ஐரோப்பாவுக்குப் போன தவளைகள். ரோஹன் பெதியாகொட தொடங்கிய அமைப்பு 1990களில் நாடு முழுவதும் தவளை தேடியது. அதில் இரண்டு செய்திகள் சேர்ந்தே வந்தன. யாரும் பெயரிடாத புதுத் தவளைகள் ஏராளம். அதனால் 2002இல் ‘சயன்ஸ்’ இதழ் இலங்கையைத் தவளைகளின் பெருங்களம் என்று எழுதியது. ஆனால் போத்தலில் இருந்த பழைய தவளைகள் பலவற்றை எவ்வளவு தேடியும் மலையில் காணவில்லை. உலகில் அழிந்துவிட்டதாகப் பட்டியலில் ஏறிய 34 ஈரூடகங்களில் 21 இந்தத் தீவுக்குரியவை என்ற நிலை வந்தது.

பிறகு சிவனொளிபாதமலைக் காடு கணக்கைக் கொஞ்சம் திருத்தியது. 1853இல் விவரிக்கப்பட்டு அதன்பின் எவர் கண்ணிலும் படாத ஒரு மரத்தவளை அங்கே 2009இல் கிடைத்தது. 1876இலிருந்து காணாமற்போயிருந்த கண்டிக் குறுந்தேரையும் அதே காட்டில் அதே காலத்தில் வெளிப்பட்டது. கணக்கெடுப்பவருக்கு இதில் பாடம் உண்டு. காணவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. அதற்காக மற்றவையும் எங்கோ ஒளிந்திருக்கும் என்று தோட்ட நிர்வாகம் நிம்மதி கொள்ளவும் முடியாது. இவை மீண்டும் கிடைத்தது காட்டுக்குள், தேயிலைக்குள் அல்ல.

கித்துல்கலை ஆந்தையின் கதை இன்னொரு தினுசு. கேகாலை மாவட்டத்தில், இறப்பரும் தேயிலையும் சூழ்ந்த பிரதேசத்தில் உள்ள காட்டில் 1995இல் தீபால் வரகாகொட ஓர் இரவுக் குரலைக் கேட்டார். எந்தப் பறவைக்கும் பொருந்தவில்லை. ஆறு வருஷம் கழித்து 2001இல் சிங்கராஜவில் அந்த ஆந்தையைக் கண்ணால் கண்டார். 2004இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். நூறு வருஷத்துக்கும் மேலாகப் பறவை பார்க்கப்பட்ட நாட்டில் ஓர் ஆந்தை முழுசாகத் தப்பியிருந்தது. அதற்கு முன் எழுதிய எந்த மதிப்பீட்டிலும் அது இருந்திருக்க வழியில்லை.

கலபிட்டமட மீன்

இவ்வளவு தூரம் சொன்னதில் காடு நல்லது, பயிர் கெட்டது என்ற கோடு நேராகவே போனது. கேகாலை மாவட்டத்துக் கலபிட்டமடையில் அந்தக் கோடு வளைகிறது.

அங்கே ஓர் ஓடை. நீளம் ஓரிரு கிலோமீற்றர். சுற்றிலும் நெல்வயல், இறப்பர், வீட்டுத்தோட்டம். அந்த ஓடையில் விரல் நீளம்கூட வராத ஒரு கெண்டை வாழ்கிறது. 1991இல் மீன் ஆய்வாளர் கொட்டலாவும் பெதியாகொடவும் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். பந்துல பெதியா என்று ஊரில் சொல்கிறார்கள். இயற்கையில் உலகத்திலேயே வேறெங்கும் அது இருந்ததாகத் தெரியவில்லை. மிகக் கடும் ஆபத்தில் உள்ள இனம் என்று உலகச் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது.

இப்போது இந்த ஓடைக்கரை விவசாயத்தின் பாதிப்பை அளந்து பாருங்கள். ஒப்பிடுவதற்குப் பக்கத்தில் காடு இல்லை. அந்த மீன் வாழும் காட்டு ஓடை என்று ஒன்று எங்கும் இல்லை. அது காடு போன பின்னும் வயலுக்கும் இறப்பருக்கும் நடுவே பிழைத்துக் கிடந்தது. பயிர்நிலமே அதன் முழு உலகம். அதை முடித்துவிடக் கூடியதும் அதே பயிர்நிலம்தான். கரையோரத்து மரத்தை வெட்டி வெயில் விழவிட்டாலோ, மேலே ஒரு வயலுக்கு அடித்த மருந்து ஒரு மழையில் இறங்கினாலோ, வலை போட்டு அலங்கார மீன் கடைக்கு அள்ளினாலோ போதும். பக்கத்து ஓடையில் இதெல்லாம் நடந்தால் சாதாரணச் சேதம். இந்த ஓடையில் நடந்தால் ஓர் இனமே முடிந்தது.

உலக அளவில் போடப்படும் கணக்குகளுக்கு இது கண்ணில் படாது. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி, நிலம் எவ்வளவு முழுமையாக இருக்கிறது என்று ஒரு சுட்டெண் கணிக்கிறது. ஒரு பொருளின் பிறப்பிலிருந்து கழிவு வரை சூழல் பாதிப்பைக் கணிப்பவர்கள், பூமியை இயற்கை வலயங்களாகப் பிரித்து வலயத்துக்கும் நிலப் பயன்பாட்டுக்கும் ஒரு காரணி வைத்திருக்கிறார்கள். அந்த அட்டவணையில் இலங்கைத் தாழ்நில மழைக்காடு ஒரு வலயம். அதற்குள் தேயிலை, இறப்பர், கறுவா, பாம் எண்ணெய் தரும் முள்ளுத்தேங்காய் எல்லாம் ‘நிரந்தரப் பயிர்’ என்ற ஒரே பெட்டிக்குள் விழும். மேட்டில் நிற்கும் பழைய இறப்பருக்கும், நிழல்மரம் எல்லாம் வெட்டிய தேயிலைக்கும் அங்கே பெரிய வேறுபாடு கிடையாது. ஓடைக்கரை என்ற சொல்லே அந்தப் பெட்டியில் இல்லை.

இனங்களின் ஆபத்து நிலையையும் அவை வாழும் பரப்பையும் சேர்த்து நிலத்துக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்று 2021இல் வந்தது, ‘ஸ்டார்’ என்கிறார்கள். கலபிட்டமட போன்ற இடத்துக்கு அது நியாயம் செய்யும் வகை. அளவுகோல் மாறினால் ஒரு துண்டு வயல் ஒன்றுமில்லாததிலிருந்து உயிரின் கடைசி எல்லையாக மாறிவிடும். என்னைக் கேட்டால், ஈரவலயத் தோட்டங்களில் முதலில் அளக்க வேண்டியது மலையின் சராசரியை அல்ல, ஓடையின் இரு கரையை. செலவும் குறைவு.

எதால் வகுப்பது?

ஒரு மலையில் நேர்ந்த பாதிப்பைக் கண்டுபிடித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அதை ஏக்கரால் வகுத்துச் சொல்வதா, கிலோவால் வகுத்துச் சொல்வதா? ஏக்கரால் வகுத்தால் களை மண்டி, நிழல்மரம் பெருத்து, பசளை போடாத தோட்டம் ஜெயிக்கும். கிலோவால் வகுத்தால் அதே தோட்டம் தோற்கும். ஒரு கிலோ தேயிலைக்கு அது பிடித்து வைத்திருக்கும் நிலம் அதிகம்.

2021 ஏப்ரல் முடிவில் இரசாயனப் பசளைக்குத் தடை அறிவிக்கப்பட்டபோது நாடு முழுவதும் இந்தப் பரிசோதனை நடந்தது, யாரும் அதைப் பரிசோதனை என்று சொல்லாமலே. நவம்பரில் தடையைக் கைவிட்டார்கள். 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டுத் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடிக்கு இறங்கியது. பசளை இல்லாமை, விலையேற்றம், எரிபொருள் நெருக்கடி எல்லாம் சேர்ந்த விளைவு அது. தேயிலை நிலம் அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. ஒரு கிலோவுக்கான நிலம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது என்று அர்த்தம். பச்சை என்று சொல்லிச் செய்தது, கிலோக் கணக்கில் பார்த்தால் காட்டுக்கு ஆகாத பக்கமாகச் சாய்ந்தது. உலகம் குடிக்கும் தேநீர் குறையாவிட்டால் அந்த மிச்ச நிலத்தை யாரோ எங்கோ காட்டிலிருந்துதான் எடுப்பார்கள்.

இந்த வாதத்தை 2005இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கூர்மையாக முன்வைத்தார்கள். கொஞ்ச நிலத்தில் நிறைய விளைவித்து மிச்சத்தைக் காடாக விடுவதா, பயிருக்குள்ளேயே உயிர்களுக்கு இடம் விட்டு நிறைய நிலத்தில் விளைவிப்பதா? கானாவிலும் வட இந்தியாவிலும் பறவையையும் மரத்தையும் எண்ணி 2011இல் வந்த அடுத்த ஆய்வு, முதல் வழியே கூடுதல் இனங்களுக்கு நல்லது என்றது. தர்க்கத்தில் பிழை சொல்ல முடியாது. ஆனால் விளைச்சல் கூடியதற்காக ஒரு கம்பனி ஒரு மலையைக் காட்டுக்குத் திருப்பிக் கொடுத்த கதை நம் பக்கத்தில் அபூர்வம். சேமித்த நிலம் காடாகும் என்பதற்கு எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்து இல்லை. அதோடு இங்கே தேயிலையின் பெரும்பகுதியைத் தருபவர்கள் சிறுதோட்டக்காரர்கள். பலா, கமுகு, மிளகு, கராம்பு கலந்த அவர்களுடைய வீட்டுத்தோட்டத்தைத் தள்ளிவிட்டுத் தனித் தேயிலையாக்கு என்று சொல்லும் எந்தக் கணக்கையும் சப்ரகமுவவில் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

1970களில் ஒட்டுப்பலகைக்காகச் சிங்கராஜவில் மரம் வெட்டியபோது அதை நிறுத்தப் போராடியவர்களில் முன்னின்றவர் சுவிற்சர்லாந்தில் பிறந்த திலோ ஹொஃப்மன். அவர் வேலை பார்த்து உயர்ந்தது, தோட்டங்களுக்குப் பசளை விற்ற பௌர் என்ற கம்பனியில். பசளையும் காடும் ஒரே மனிதனின் மேசையில் இருந்தன. வரகாகொட கண்ட ஆந்தையின் அறிவியல் பெயரில் இருப்பது அவர் பெயர்தான்.

அளக்காமல் எடுத்த முடிவுக்கு முள்ளுத்தேங்காய் உதாரணம். 1968இல் காலி மாவட்டம் நாகியாதெனியவில் தொடங்கி, இறப்பர் விலை விழுந்தபோதெல்லாம் தோட்டங்களுக்குள் புகுந்தது. கிணறு வற்றுகிறது, ஓடை நின்றுபோகிறது என்று கிராமத்தவர் எதிர்த்தார்கள். 2021 ஏப்ரலில் புதிதாக நடவும் பாம் எண்ணெய் இறக்கவும் தடை வந்தது. நின்றவற்றைக் கட்டம் கட்டமாகப் பிடுங்கவும் உத்தரவு. கம்பனிகள் ஒரு நிபுணரைக் காட்டின, எதிர்ப்பவர்கள் இன்னொருவரைக் காட்டினர். ஒரே ஓடையில் இறப்பர் நின்றபோதும் முள்ளுத்தேங்காய் நின்றபோதும் யாராவது நீரையும் மீனையும் வருஷா வருஷம் குறித்து வைத்திருந்தால் இரு தரப்புக்கும் வாய் அடங்கியிருக்கும்.

புல்லும் குளவியும்

தோட்டத்தில் உயிர்ப்பல்வகைமை என்றால் தொழிலாளிக்கு முதலில் நினைவு வருவது அட்டை, பாம்பு, பன்றி, குளவி. குளவி கொட்டிக் கொழுந்தெடுப்பவர்கள் வைத்தியசாலைக்குப் போவதும் சில வேளை திரும்பாமலே போவதும் மலையகப் பத்திரிகைகளில் வந்துகொண்டே இருக்கும் செய்தி. மரத்தை விடு, புதரை விடு என்று சான்றிதழ்க்காரர் சொல்லிவிட்டுப் போகும்போது, அந்தப் புதரடியில் நிற்பது அவரில்லை.

புல்லும் அப்படித்தான். 2015இல் கிளைபொசேட் என்ற களைநாசினிக்குத் தடை வந்தது. ஆள் பற்றாத தோட்டங்களில் புல் ஏறியது. சுரண்டியால் சுரண்டினால் மேல்மண் மழையோடு ஓடைக்கு இறங்கும். சிலர் வேறு களைநாசினிக்குத் தாவ, அதன் எச்சம் அதிகம் என்று ஜப்பான் தேயிலையில் குறை கண்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. மூன்று வருஷத்தில் எந்த மலையில் மண்புழு கூடியது, எந்த ஓடையில் பூச்சி திரும்பியது என்று பார்த்திருக்கலாம். அப்படி ஒரு பொது எடுப்பு நடக்கவில்லை, சந்தர்ப்பம் போய்விட்டது.

எண்ணுவதற்கு ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு நிரையிலும் வாரத்துக்கு ஒரு தடவை கால் வைப்பவர்கள் தோட்டத்தில் இருக்கிறார்கள். எந்த மரத்தில் குளவி கட்டியிருக்கிறது, எந்தக் கானில் இப்போது தவளை கத்துவதில்லை, மான் எந்த மலைக்கு இறங்குகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். உதிர்ந்த சருகிலிருந்தும் ஓடை நீரிலிருந்தும் மரபணு எடுத்து அங்கே யார் வாழ்கிறார் என்று சொல்லும் முறை வந்திருக்கிறது. குரலைப் பதிவுசெய்யும் சிறு பெட்டியை மரத்தில் கட்டிவிட்டு வரும் முறையும் இருக்கிறது. நல்ல கருவிகள்தான். ஆனால் பெட்டியை எந்த மரத்தில் கட்டுவது என்று கேட்கக் கொழுந்தெடுப்பவரிடம் போக வேண்டியிருக்கும். அவர் சொல்லும் நேரத்துக்கு நிறுவையில் கிலோ ஏறாது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக வர்த்தமானியில் வந்ததிலிருந்து தோட்டங்களில் சண்டையே எத்தனை கிலோவுக்கு முழுப்பேர் என்பதில். மாதத்தில் ஒரு நாள் எண்ணும் வேலைக்குக் கொழுந்து கேட்காமல் பேர் போட எந்தக் கம்பனியாவது முன்வந்தால், அதன் அறிக்கையை நான் மற்றதைவிட முதலில் வாசிப்பேன்.

இப்போதைக்கு அளவு தொடங்கியிருப்பது இறப்பரில். ஐரோப்பியச் சட்டம் இரண்டு தடவை தள்ளிப்போனாலும் காணி எல்லைகளைக் கைத்தொலைபேசியில் குறிக்கும் வேலை நிற்கவில்லை. கேகாலையில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்துப் பால் வெட்டுபவருடைய நிலமும் வரைபடத்தில் ஏறுகிறது. அந்தக் கோட்டுக்குள் காடு அழிந்ததா என்ற ஒரே கேள்விக்குத்தான் அது பதில் சொல்லும். அதே நடையில் ஓடை எங்கே போகிறது, கரையில் மரம் நிற்கிறதா என்ற இரண்டு கேள்வியைச் சேர்க்கக் கூடுதலாகச் சில நிமிடம் போகும். சேர்க்கும்படி விதி கேட்கவில்லை. அந்தச் சில நிமிடத்துக்கான செலவை வாங்குபவர் தருவாரா, ஒட்டுப்பால் விலையிலிருந்து கழிப்பாரா என்றும் இதுவரை எவரும் சொல்லவில்லை.